விழுந்துபோன பேர்

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து கம்பி இழுத்து மூன்று மேசைகளில் திரை வைத்திருந்தார்கள். உள்ளே நுழையக்கூடியவர்களின் பேரும் பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் இருந்தன. அதில் பேர் இருந்தால்தான் திரை திறக்கும்.

அன்று ஒரு பெண் வேலைக்குச் சேர வந்திருந்தாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். மேனேஜர் தன் திரையில் அவள் பேரை ஏற்றினார்.

"ஏத்தியாச்சு ஆத்தா. அந்தக் கடைசி மேசையில போயி உக்காரு."

அதே நேரம் நான் என் மேசையில் என் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் பேரைத் தட்டினாள். திரை ஏற்கவில்லை. மேனேஜர் வந்து கோப்பைத் திறந்து பார்த்தார்.

"பேரே இல்லையே."

"இல்லையாண்ணே?"

"இரு, லோடு வந்து நிக்கிது. பாத்துட்டு வர்றேன்."

அவர் திரும்புவதற்குள் அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மலையில் காலையில் வேலை வாங்கும் கங்காணி பேர் வாசிப்பார். பேர் வராதவருக்கு அன்று வேலை இல்லை; ஏன் என்று கேட்பதும் வழக்கமில்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. பேர் எங்கே போனது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

புரோகிராமைப் பிரித்துப் படித்தேன். மதுரையில் எழுதித் தந்தது. பூட்டு வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். பூட்டு என்றால் பக்கத்தில் இன்னொரு சின்னக் கோப்பு. அது இருந்தால் காத்திரு, இல்லாவிட்டால் அதை உருவாக்கிவிட்டு உள்ளே போ. இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வரி. உருவாக்குவது அடுத்த வரி. அந்த இடுக்கில் மேனேஜரும் நானும் ஒன்றாக நுழைந்துவிட்டோம். இருவரும் பழைய கோப்பைத்தான் படித்தோம். அவர் அவளைச் சேர்த்து எழுதினார். அதன்மேல் நான், அவள் பேர் இல்லாத பழைய கோப்பையே என் புது பாஸ்வேர்டோடு முழுசாக எழுதினேன்.

"பஸ்சுல ரெண்டு ஜன்னல் வழியா ஒரே சீட்டுக்குத் துண்டு போட்ட மாதிரிண்ணே" என்றேன் மேனேஜரிடம்.

"அப்ப அடிதடியில்ல நடந்திருக்கணும் மாப்ளே?"

"இங்க அது நடக்காது. பிந்திப் போட்ட துண்டுதான் இருக்கும். மொதத் துண்டு போட்டதே தெரியாது."

இரண்டு வரிகளையும் ஒன்றாக்கினேன். 'இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, இருந்தால் தோற்றுத் திரும்பு' என்று கம்ப்யூட்டரிடம் ஒரே கட்டளையாகக் கேட்டுவிடலாம். நடுவில் வேறு யாரும் நுழைய முடியாது. பூட்டு கைக்கு வந்த பிறகுதான் கோப்பைப் படிக்கவே வேண்டும் என்றும் மாற்றினேன். மூன்று திரைகளிலிருந்தும் விடாமல் பேர் ஏற்றும்படி ஓட்டிப் பார்த்தேன். ஒரு பேரும் விழவில்லை. மேனேஜர் அவள் பேரைத் திரும்ப ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மேலே போனேன். காய் எடுத்துக்கொண்டிருந்தாள். விரல்களில் கறை.

"உன் பேர யாரும் எடுக்கலம்மா. ரெண்டு பேரு ஒரே நேரத்துல எழுதிட்டோம், அதுல விழுந்துருச்சு."

"எடுத்தா என்ன, விழுந்தா என்னண்ணே. இல்லைன்னு தானே சொன்னாங்க."

"இப்ப இருக்கு. நாளைக்கு வா."

"இங்க பேரு சேத்துட்டாங்க. பாதியில விட்டுட்டு வந்தா ஆத்தாளுக்கும் வேலை இல்லைன்னுருவாங்க." கையை நிறுத்தாமலே சொன்னாள். "வெரசா எறங்குங்க, ஜீப்பு போயிரும்."

மறுநாள் மேனேஜர் கேட்டார். "வர்றாளா?"

"இல்லண்ணே."

"அப்ப எடுத்துரு. வராதவ பேரு எதுக்கு?"

நான் மாற்றி எழுதிய புரோகிராமைத்தான் ஓட்டினேன். பூட்டு கிடைத்தது. புரோகிராம் கோப்பைப் படித்து, அவள் வரியை நீக்கி, எழுதி, பூட்டை விடுவித்தது. பிழை எதுவும் வரவில்லை. மேனேஜர் டீ சொல்லிவிட்டிருந்தார். குடித்தேன்.