வலைக்கு வைத்த ஜன்னல்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நின்றபோது, என் வீட்டுக்காரர் எங்கள் இழுவலையைத் திருத்தினார். மீன் வந்து சேரும் பையின் மேல்புறத்தில் கொஞ்சம் வெட்டியெடுத்து, அங்கே சதுரக் கண்ணி வலையை வைத்துத் தைத்தார். மற்ற கண்ணியெல்லாம் இழுக்க இழுக்க மூடிக்கொள்ளும். இது திறந்தே நிற்கும். பொடிமீன் மேலே ஏறி அந்த வழியாகத் தப்பிவிடும், இறால் அடியிலேயே தங்கிவிடும் என்றார்.

"குஞ்சையெல்லாம் வாரிக்கினு வந்தா நாளைக்குக் கடல்ல இன்னா இருக்கும்?"

எனக்கும் சரியென்றே பட்டது. வலை ஊசியை அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்து கொடுத்தவள் நான்தான்.

படகு கடலுக்குப் போன பிறகுதான் அண்ணியின் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, புருஷனை இழந்தவர். எங்கள் வலையில் ஏறும் பொடிமீன் என்றைக்கும் அவருக்குத்தான். அதைக் காயவைத்து முதலியார்பேட்டையில் தெருத்தெருவாக விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. படகு திரும்பிய அன்று துறைமுகத்தில், கூடையின் அடியில் ஒட்டிக்கிடந்த கொஞ்சம் காரப்பொடி மீனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"உன் ஊட்டுக்காரன் மீனுக்கு ஜன்னல் வச்சிட்டானாமே. காத்து வாங்கட்டும்னா? ஒரு ஃபேனும் மாட்டச் சொல்லு."

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"உனக்கு இன்னா வேணும்னாலும் கேளுக்கா, நான் தரேன்."

"பிச்சைக்கா வந்தேன்? என் மீனைக் குடுறா."

அன்றிலிருந்து விளக்கேற்றினால் எனக்கு வேண்டுதல் வாயில் வருவதில்லை. குஞ்சுமீன் பிழைக்கட்டும் என்றால் அண்ணியின் கூடை காலி. கூடை நிறையட்டும் என்றால் குஞ்சுகள் சாக வேண்டும். தாயே, நீயே பார்த்துக்கொள் என்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

ஆடி வந்தது. எங்கள் வீட்டில் கூழ் ஊற்றும்போது குழம்புக்குக் கருவாடு கொண்டுவருவது அண்ணியின் முறை. கடையில் வாங்க மாட்டோம். வருவாரோ, மாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். காலையிலேயே வந்துவிட்டார், முறம் நிறையக் கருவாட்டோடு.

"இது எந்த போட்டோட மீன்க்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஜன்னல் வைக்காத போட்டு. அவங்களுக்கு மீன் பொறுக்கிக் குடுத்து, கூலிக்குப் பதிலா வாங்கினேன். அம்மனுக்கு இல்லேன்னு ஆயிடக் கூடாதுல்ல?"

காரப்பொடிக்கு நடுவே விரல் நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு முறத்திலேயே வைத்தார். நான் கழுவிக் கத்தரிக்காயோடு குழம்பில் போட்டேன். அம்மனுக்கென்று வந்ததை எப்படித் திருப்புவது?

கோயில் வாசலில் எல்லோருக்கும் ஊற்றினோம். என் வீட்டுக்காரர் கூழை வாங்கிக்கொண்டார். குழம்புக் கரண்டியோடு போனபோது சொம்பைக் கையால் மூடினார்.

"வெங்காயம் போதும்."

அண்ணி வெங்காயத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே துறைமுகத்துக்குத்தான் போனார்கள். அவர் எங்கள் படகுக்கு, அண்ணி ஜன்னல் வைக்காத அந்தப் படகுக்கு.