பெட்டகம் தள்ளிய கதை

நற்பிட்டிமுனையில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக் கதை இல்லாத வீடு கிடையாது. ஆனால் சுஹறாவின் கதைக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு. காற்று வாசற் கதவைப் பிடுங்க வந்தபோது, நாலு ஆம்பிளை தூக்கும் முதிரை மரப் பெட்டகத்தைத் தனியாளாய்த் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தவள் அவள். பிள்ளைகள் பிழைத்தது அதனால்தான். கல்யாண வீடோ கந்தூரியோ, இந்தக் கதை வராமல் யாருக்கும் சோறு இறங்காது.

புருஷன் மீராமுகைதீன் பக்கத்தில் இருந்து ஓம் போடுவான். வயற்காரன், வாய் குறைந்த மனுஷன். அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டில் பெண்டாட்டிதான் அரசி. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கவென்றே எத்தனை தரமும் கேட்பான்.

அவனுடைய வலது தொடையில் ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சங்காய் அளவில் தொடங்கியது, வருஷத்துக்கு வருஷம் பெருத்து, எண்பத்து நாலில் தேங்காய் அளவாயிற்று. நோவு பெரிதாக இல்லை. கொழுப்புக் கட்டி என்று சொல்லிச் இடுப்பில் கட்டும் சாரத்துக்குள் மறைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தொழுகையில் கால் மடங்காமல் போன அன்று அகப்பட்டான். சுஹறா அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டொக்டர் கட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"இதில அடி ஏதும் பட்டதா? பழைய அடியெண்டாலும் சொல்லுங்க. உள்ளுக்கு ரத்தம் தேங்கி வருசக்கணக்கா வளரும். அடியே படல்லயெண்டா, புற்றுக் கட்டியெண்டுதான் நான் யோசிக்கணும். காலே போகலாம்."

மீராமுகைதீன் மனைவியைப் பார்த்தான்.

"இல்ல டொக்டர்."

காலைக் கொடுக்கத் துணிந்துவிட்டான், பைத்தியக்காரன்.

"அடியா?" என்றாள் சுஹறா. "சூறாவளிக்கே ஒண்டும் ஆகாத மனுசன் டொக்டர். நான் பெட்டகத்தத் தள்ளிக் கதவ அடைச்ச நேரம்..."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் தொடங்கிவிட்டாள். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க தள்ளக்குள்ள இவர் எங்க நிண்டார்?"

"இவரா? கதவுக்கு முதுகக் குடுத்துக்கொண்டு..."

சுஹறா நிறுத்தினாள். கணவனின் தொடையைப் பார்த்தாள். அந்தப் பெட்டகத்தின் மூலை அவனுக்கு எந்த உயரத்தில் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் கத்தினது அந்த இருட்டுக் காத்தில உனக்குக் கேக்கல்ல புள்ள," என்றான் மீராமுகைதீன், தலையைக் குனிந்தபடி. "கேட்டிருந்தா நீ தள்ளியிரிக்க மாட்டாய். கதவும் போயிரிக்கும்."

"அதுக்குப் பொறகு ஏன் சொல்லல்ல?"

"நீ அவ்வளவு ஆசையாச் சொல்ற கதை. நான் எப்பிடி நடுவுல பூந்து கெடுக்கிற?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஊசி போட்டு இழுத்ததில் கோப்பிச் சாயம்போலப் பழைய ரத்தம் வந்தது. டொக்டருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. ரத்தத்தை மட்டும் எடுத்தால் திரும்பவும் ஊறும் என்று, சுற்றியிருந்த தடித்த உறையோடு முழுதாக வெட்டி எடுத்தார். அதில் ஒரு துண்டு பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போயிற்று. புற்று இல்லை என்று பதில் வந்த நாள் சுஹறா வார்டிலேயே நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆனால் சூறாவளி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த வெளிச்சம் போய்விட்டதைக் கண்டு மீராமுகைதீனுக்குத்தான் தாங்கவில்லை. வெட்டுக் காயத்தைவிட அது நொந்தது.

"சொல்லு புள்ள," என்றான். "நீ தள்ளினதாலதான் நம்மட புள்ளைகள் இரிக்கி."

அவள் கட்டுப் போட்ட அவன் காலில் மெல்லக் கையை வைத்தாள்.

"காத்து கதவப் பிடுங்க வந்திச்சு," என்று சொந்தக்காரரைப் பார்த்துத் தொடங்கினாள். "முதல்ல, கதவடியில இவர் நிண்டாரு."