கன்றுத் தொட்டியில் கிடந்த போர் விமானம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்தகத்தில் ஓர் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது மம்சாபுரம் விவசாயி கருப்பையா போனில் கூப்பிட்டார். "டாக்டர் சார் காலைல தவறிட்டாவம்மா. ராஜபாளையம் வீட்டுலதான் வச்சிருக்காவ. நீங்க வாரீயளா?" மருந்துக் குப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆடு பாதி மருந்தோடு ஓடிவிட்டது.

கால்நடை மருத்துவர் கோபால்சாமி அவர்களிடம் பல வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவள் நான். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாட்டைப் பார்த்து முடித்ததும் அவர் தொழுவத்தின் கூரையைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் சோழபுரத்தில் ஒரு கன்றுக்குட்டியால் வந்தது.

கன்று தவிட்டுத் தண்ணீர் குடித்த தொட்டி வளைந்த அலுமினியத் தகடு. ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம். அதில் தங்கிய தவிட்டைக் கன்று நக்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பசுவுக்கு வைத்த தெர்மாமீட்டரை மறந்து சார் அங்கே குனிந்துவிட்டார். "ஏம்மா, தொட்டிக்கு எதுக்கு இந்தப் பள்ளம்?" என்று என்னைக் கேட்டார்.

"அது மலையடிவாரத்துல விழுந்த ஏரோப்ளேன் தகரம் சார். எங்க தாத்தா தூக்கிட்டு வந்தது" என்றார் வீட்டுக்காரர்.

துப்பாக்கிக் குழல் படுத்திருக்கும் பள்ளம் அது என்று சார் தேடிப் படித்துக் கண்டுபிடித்தார். இரட்டை இறக்கைப் போர் விமானம். அந்த வகையில் மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம் என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு வேலை இரண்டாயிற்று: மாட்டைப் பார்ப்பது, பிறகு கூரையிலும் கொல்லையிலும் விமானத் தகரம் தேடுவது. ஒரு வீட்டில் துணி காயப்போடும் கம்பி தட்டையாக இருந்தது. விமானத்தின் இறக்கைகளை இழுத்துக் கட்டிய கம்பி என்றார் சார். ஈரப் பாவாடைகளுக்கு நடுவே அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன். ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. பழைய தகரம் கொடுத்தால்தான் டாக்டர் சினை ஊசியை நல்லபடியாகப் போடுவாராம். மில் மெஷின் மூடி, லாரி மட்கார்டு, ஓட்டை அண்டா எல்லாம் மருந்தக வாசலுக்கு வந்து சேர்ந்தன. சார் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது இல்ல. ஆனா நல்ல அண்டா" என்பார்.

தேடல் கருப்பையாவின் தோட்டத்தில் வந்து நின்றது. வரப்போரம் ஒரு கல். விமானி அங்கே இறந்துவிட்டதாக நினைத்து, கிடைத்த ஒற்றைத் தோல் கையுறையைப் புதைத்து கருப்பையாவின் பாட்டனார் நட்டது. பறக்கிற சாமி என்று பெயர். ஆடியில் சுருட்டும் பிஸ்கட்டும் படைப்பார்கள். விளக்கு வைக்கும் இரும்பு, அந்த விமானத்தின் எஞ்சின் துண்டு. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, "கருப்பையா, கொஞ்சம் தொடச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். எண்ணெய்க் கறைக்கு அடியில் ஓர் எண் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் பழைய விமானங்களைச் சீர்படுத்துகிறவர்களிடம் விசாரித்தார். பதில் வந்த அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. விமானி சாகவே இல்லை. பாராசூட்டில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, சொந்த ஊர் போய், பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கண்ணை மூடியிருக்கிறார்.

"சொல்லாம விட்டுருங்க சார். தலைமுறை தலைமுறையாக் கும்பிடுத சாமி" என்றேன்.

"அவங்க தொடைக்க விட்டதாலதான நமக்குத் தெரிஞ்சுது. அவங்ககிட்டயே எப்படி மறைக்கிறது?" என்றார்.

கருப்பையா கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "பொழச்சுக்கிட்டாரா? நல்லதாப் போச்சு சார்" என்றார். ஆனால் அந்த ஆடியில் படையல் நடக்கவில்லை. அடுத்த ஆடியிலும் இல்லை. சார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, விளக்கில்லாத கல்லைப் பார்த்துவிட்டு வருவார். "ஒரு ஆளப் பொழைக்க வச்சு, ஒரு சாமியக் கொன்னுட்டேன்மா" என்று ஒரு நாள் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நேற்று ராஜபாளையத்தில் அவரை எடுத்த பிறகு கருப்பையா என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து சாரின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் காட்டினார்.

"அவிய வீட்டுல கேட்டு வாங்கியிருக்கேன். அந்தக் கல்லு சும்மாத்தானம்மா கெடக்கு. வார வெள்ளிக்கெழம இத அங்கன பொதச்சு, சாரச் சாமியா வச்சுரலாம்னு இருக்கோம். சாருக்கு என்னம்மா புடிக்கும்? சுருட்டு குடிக்க மாட்டாவளே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கேள்வி கேக்கப் புடிக்கும்" என்றேன்.

"அப்பம் சரி. போற வாரவிய எல்லாரும் நின்னு, யாரு இதுன்னு கேக்கத்தான் போறாவ."

போய்வாருங்கள், சார். கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.