ஐந்தாம் பக்கத்து ராட்சசி

ராஜி, குமார், இரண்டு பேரும் படியுங்கள். அச்சாபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன், ஓர் எழுத்துப் பிழை வந்ததில்லை என்று அப்பா உங்களிடம் அடிக்கடி பெருமை அடித்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் எழுத்துப் பிழையே இல்லாமல் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். நீங்கள் வேலைக்குப் போகும்போது உதவும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

1. பெட்டி காலி

மாநிலங்களைப் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கிருஷ்ணகிரியில் காதர் பாய் அச்சாபீஸில் நான் கம்பாசிட்டர், அதாவது எழுத்துக் கோக்கிறவன். கல்யாணப் பத்திரிகை, மாம்பழ மண்டி ரசீது, தேர்தல் நோட்டீஸ், இவைதான் எங்கள் இலக்கியம். புத்தகம் என்று முதன்முதலாக வந்தது பெண்கள் பள்ளி ரங்கநாயகி டீச்சரின் சின்ன நாவல். நாலு வருஷமாக எழுதியது. பள்ளி ஆண்டு விழாவில் வெளியிட வேண்டும்.

கிரேக்க நாட்டுப் பழங்கதை. ஒருத்திக்குத் தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். அவள் முகத்தைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான். ஒரு வீரன் போய் அவள் தலையை வெட்டி வருகிறான். பள்ளிக்கூடத்தில் வீரனின் கதையாக நான் படித்ததுதான். பார்க்கும் இடமெல்லாம் பாறையான பர்கூரில் பிறந்தவனுக்குக் கல் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் டீச்சர் அதை அந்தப் பாம்புத்தலைக்காரியே சொல்வதாக எழுதியிருந்தார். பக்கம் முழுக்க ‘நான்’, ‘நான்’ என்று அவளே பேசினாள்.

அப்போது ஒவ்வோர் எழுத்தும் தனி ஈயத் துண்டு. ‘கேஸ்’ என்கிற மரத்தட்டில் எழுத்துக்கு ஓர் அறை இருக்கும். பொறுக்கி அடுக்கி, அச்சடித்து, திரும்பப் பிரித்துப் போட்டால்தான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்து கிடைக்கும். நாலு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். முதல் ஃபாரம் தலைப்பும் முன்னுரையும், தொல்லை இல்லை. கதை ஐந்தாம் பக்கத்தில் ஆரம்பித்தது. நான், என், வந்தேன், அழுதேன் என்று போய் ஏழாம் பக்கம் பாதியில் கையை விட்டால், ‘ன்’ அறையில் மரம்தான் தட்டுப்பட்டது. ‘ள்’ மட்டும் குவிந்து கிடந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட மாமா வரைக்கும் எல்லோரும் ‘அவர்கள்’ அல்லவா?

பாயிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையை எடுக்கும்போதே அவர், “டைப் பத்துமாடா?” என்று கேட்டிருந்தார். நான் தட்டைக்கூடப் பார்க்காமல், “தாராளமா பத்தும் பாய்” என்று சொல்லியிருந்தேன். இப்போது எந்த முகத்தோடு போவது?

அதனால் ‘நான்’ எல்லாவற்றையும் ‘அவள்’ ஆக்கினேன். ‘வந்தேன்’, ‘வந்தாள்’ ஆயிற்று. நாலு பக்கமும் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. படித்துப் பார்த்தால் கதை முன்னைவிட லட்சணமாக இருப்பதாகவே பட்டது. ராட்சசி தன்னைப் பற்றித் தானே பேசுவதாவது! அப்பா எட்டாம் வகுப்பு பாஸ். ஒரு டீச்சரைத் திருத்த அது போதும் என்று நினைத்தேன்.

ப்ரூஃபை டீச்சருக்கு அனுப்பவில்லை. மெஷின்மேன் திம்மப்பாவிடம், “டீச்சர் பாத்துட்டாங்க, ஓட்டுண்ணா” என்றேன். ஐந்நூறு காப்பி ஓடியது.

2. மாப்பிள்ளை மாறிய பத்திரிகை

சனிக்கிழமை டீச்சர் வந்தார். “ஏம்ப்பா முனிரத்தினம், அடிச்ச பக்கத்த ஒரு தரம் பாக்கலாமா?”

நின்றபடியே படித்தார். ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார்.

“இது யாரு சொல்ற கதை?”

“உங்க கதைதாங்க டீச்சர். ஒரு சம்பவம்கூட உட்டுப்போவல.”

“சம்பவமெல்லாம் இருக்குது. அவளத்தான் காணோம்.”

பாய் வந்தார். “என்னாடா பண்ணி வச்ச?”

“‘ன்’ பத்தல பாய்.”

“பத்தலன்னா ஆள மாத்திருவியா? நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேருக்கு எழுத்து பத்தலன்னா வேற மாப்ளயப் போட்ருவியா?”

வீட்டில் கன்னடம் பேசுகிற திம்மப்பா மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒரே ஒரு மாத்து, ஒரு வார்த்த, சொல்லியிருந்தா ரெண்டு ரெண்டு பக்கமா ஓட்டியிருப்பனே, மாராயா!”

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. “ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடலாங்களா டீச்சர்? ‘அவள்’னு வர்ற எடத்துல எல்லாம் ‘நான்’னு படிச்சிக்கவும்னு...”

டீச்சர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார். “எத்தன காலமா இந்தக் கதைய சொல்றாங்க. அத்தன பேரும் வெட்டுனவன் பக்கத்துல நின்னுதான் பாத்தாங்க. அவளும் ஒரு வார்த்த பேசட்டும்னுதான் நாலு வருசம் ஒக்காந்தேன். நீயும் அவன் பக்கத்துலயே போயி நின்னுட்டியேப்பா.” கையை நீட்டினார். “நோட்டக் குடு. இப்படி வர்றதுக்குப் புத்தகமே வேணாம்.”

டீச்சர் கதையை எழுதிக் கொடுத்த நோட்டு என் கையில் இருந்தது. கொடுத்தால் அந்த நாவல் அத்தோடு சரி.

“திரும்ப அடிச்சித் தர்றேங்க டீச்சர்” என்றேன்.

“எதுலடா அடிப்ப?” என்றார் பாய். “இருக்கற வெள்ளப் பேப்பர் மீதிக் கதைக்குத்தான் சரி. புதுசா மெட்ராஸ்லருந்து வர மாசமாவும். ஆண்டு விழா பத்து நாள்ல.”

மூலையில் மண்டி ரசீதுக்கு வாங்கிய மஞ்சள் பேப்பர் கட்டு கிடந்தது. அதைக் காட்டினேன்.

“கதப் பொஸ்தகத்துக்கா? மாங்கா ரசீதுன்னு கிழிச்சிக்கப் போறாங்கடா!”

டீச்சர் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “எந்தக் கலர்லயோ பேசட்டும். அவ பேசுனா போதும்” என்று நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

3. மஞ்சள் பக்கங்கள்

மீதிக் கதையையும் சேர்த்து, இரவும் பகலும் இரண்டிரண்டு பக்கமாகக் கோத்து, அடித்து, பிரித்து, மறுபடி கோத்தேன். ஒவ்வொரு ப்ரூஃபையும் நானே கொண்டுபோய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். புத்தகம் விழாவுக்கு வந்துவிட்டது, கதை ஆரம்பிக்கிற நாலு பக்கம் மட்டும் மஞ்சளாக.

பிள்ளைகளே, கையில் இருப்பது பத்தாவிட்டால் ‘பத்தவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்தவர் பேச்சில் கை வைக்காதீர்கள். அப்பா கற்றது இவ்வளவுதான்.

விழா முடிந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். திம்மப்பா சாப்பிடப் போயிருந்தார். கம்பாசிட்டர் எழுத்தைத் தலைகீழாக ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவன், கதையைப் படிக்கிறவன் இல்லை. அந்தப் பக்கங்களை இரண்டு தடவை கோத்தும் அவள் சொன்னபடி நான் ஒரு தடவைகூடப் படித்திருக்கவில்லை. கதவைச் சாத்தினேன். புத்தகத்தை ஐந்தாம் பக்கத்தில் பிரித்து, மீசையும் கை நிறைய மையுமாக நின்றுகொண்டு, “நான் அழகாக இருந்தேன்” என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். நாலு பக்கமும் படித்து முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.