சாய்கோடு போட்ட பரண்

ஒரு வீட்டைப் பற்றி எழுதப் போனால் தேவதாஸ் முதலில் வாசலைப் பார்க்க மாட்டார். நேரே சமையலறைக்குப் போவார். வாசல் பிறர் பார்ப்பதற்காகக் கட்டியது, அதன் பேச்சை நம்பக் கூடாது என்பது அவர் எண்ணம். நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்து சம்பளம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மலாக்காவை அடுத்த செங், புக்கிட் ரம்பாய் என்று சுற்றி, கண்ட வீடுகளையும் கோயில்களையும் பற்றி ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுதுவார். எழுத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சொல்லை ஒரு பத்தியில் மூன்று தரம் போடுவார். படங்களுக்காகத்தான் அவரைப் படித்தார்கள்.

பப்பாளியை நீளவாக்கில் அறுப்பதுபோல் வீட்டைக் கூரையிலிருந்து தரைவரை அறுத்து, உள்ளே இருப்பதை அப்படியே காட்டுவார். உயரம் விளங்குவதற்காக அந்த வீட்டில் வாழும் ஒருவரை, அவருடைய சரியான அளவில், படத்துக்குள் நிறுத்துவார். இல்லாததைச் சேர்க்க மாட்டார், இருப்பதை விட மாட்டார். பொய்ப் படம் போடுவதைவிட அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று ஒருமுறை அச்சிலேயே எழுதினார்.

காஜா பேராங்கில் அவர் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிரே சுப்பையன் வீடு. மலாக்காச் செட்டிகள், சாமியும் பெயரும் தமிழ், பேச்சு மலாய். தமிழ் எழுத்து வாசிக்க அந்த வீட்டில் யாருக்கும் வராது. சண்டைக்கு முந்தின வருஷம் தேவதாஸ் அதை வரைந்தார். சமையலறையின் மேல்பலகைகளுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பரண் இருந்தது. கீழே நின்று அண்ணாந்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதைத் தெளிவாகக் காட்டி, உள்ளே 'பரண்' என்றும் எழுதினார். அதற்கு நேர் கீழே, அம்மிக்குப் பக்கத்தில், சுப்பையனின் மனைவி பாக்கியத்தை நிறுத்தினார். அச்சான பிறகு அசல் படத்தை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டார்.

ஜப்பான்காரன் வந்ததும் பத்திரிகை நின்றது. பாக்கியம் காய்ச்சலில் செத்துப்போனாள். மகன் நடராஜனைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றினார்கள். வழியில் குதித்து ஓடினான், ஜொகூர்ப் பக்கம் போய்விட்டான் என்று தெருவில் பேச்சு.

1944இன் போகியன்று சுப்பையன் தேவதாஸைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்குச் செட்டி வீடுகளில் பார்ச்சு, முன்னோருக்கான படையல். அரிசி கொஞ்சம், மரவள்ளி மிச்சம். கூடத்தில் முன்னோர் படங்களுக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிசையில் கடைசியாக, அட்டையில் ஒட்டி மரச்சட்டம் அடித்து, மாலை போட்டு மாட்டியிருந்தது அவருடைய படம்.

"என் பொண்டாட்டி முகம் வேற எதுலயும் இல்ல தேவா," என்றார் சுப்பையன் மலாயில். "நீ போட்ட அந்தச் சின்ன உருவந்தான். மூக்குகூட அவளோடதுதான்."

மூக்கு ஒரு புள்ளி. தேவதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சமையலறைக்கு மேலே யாரோ இருமலை அடக்கும் சத்தம் கேட்டது. சுப்பையன் உடனே தானும் உரக்க இருமினார். அவருடைய மகள் பூங்காவனம் சட்டியைத் தட்டினாள்.

ஜொகூருக்குப் போனவன் எங்கே இருக்கிறான் என்பதற்கு வழிகாட்டி கூடத்துச் சுவரில், மாலையோடு, தேவதாஸின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்தப் படத்தைக் கழட்டுங்க."

"தா போலே! முடியாது. இன்னிக்கு அவ வந்திருக்கா. பொங்கல் பானை பொங்கறவரைக்கும் ஆணியிலேருந்து இறக்கக் கூடாது. சாப்பிட வந்தவள வெளிய தள்ளுவாங்களா?"

"அதுல பரண் இருக்கு மாமா. எழுதியே வச்சிருக்கேன்."

சுப்பையன் படத்தைப் பார்த்தார். தினமும் பார்த்தவர்தான். மனைவியைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வெறும் கோடு.

வாசலுக்குப் போய்ப் பார்த்த பூங்காவனம் திரும்பி ஓடிவந்தாள். அவள் தேவதாஸை மலாய் வழக்கப்படி அபாங் என்பாள், அண்ணன் என்ற பொருளில். "அபாங், ஜப்பான்காரங்க மூலை வீட்டுல பூந்துட்டாங்க. கட்டிலயெல்லாம் கவுத்துப் போடுறாங்க."

தேவதாஸ் தெருவைக் கடந்து தம் அறைக்கு ஓடி, மைப்புட்டியும் பேனாவும் கொண்டுவந்தார். முக்காலி போட்டு ஏறி, படத்தை ஆணியிலிருந்து அசைக்காமல், பரண் இருந்த இடம் முழுக்கச் சாய்கோடுகள் இழுக்க ஆரம்பித்தார். படம் வரைபவர்கள் மொழியில் சாய்கோடு என்றால் கெட்டியான பொருள், உள்ளே வெற்றிடம் இல்லை. எழுத்தின் மேல் கோடுகளை நெருக்கமாகப் போட்டார். அவசரத்தில் ஒரு கோடு வளைந்தது.

"அவ மேல சிந்திடாத," என்றார் சுப்பையன்.

மை காயவில்லை. பூங்காவனம் விசிறியை எடுத்துப் படத்துக்கு வீசினாள். வீசிக்கொண்டிருக்கும்போதே பூட்ஸ் சத்தம் உள்ளே வந்தது.

கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, பின்னால் இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க டவுன்காரர் சங்கரன். சிப்பாய்கள் அறைகளுக்குள் போனார்கள்.

"படத்துக்கு ஏன்மா விசிறி?" என்றார் சங்கரன்.

"அம்மாவுக்கு வேர்க்கும்," என்றாள் பூங்காவனம்.

சங்கரன் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி படையலைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். நிமிர்ந்தவர் கண் படத்தில் நின்றது, பக்கத்தில் போனார். அவர் பார்த்த விதத்திலேயே, இந்த ஆளுக்கு இப்படிப்பட்ட படம் வாசிக்கத் தெரியும் என்று தேவதாஸுக்கு விளங்கிவிட்டது. அதிகாரி பாக்கியத்தின் உருவத்தைக் கட்டைவிரலால் அளந்தார். அதே விரலைச் சாய்கோடுகளுக்குக் கொண்டுபோனார், மையில் படாமல். ஏதோ கேட்டார்.

"யார் போட்டதுன்னு கேக்கறாரு."

"நான்தான்."

"பொம்பளை உசரத்துல பாதி இருக்கு, இவ்ளோ தடிமனா அங்க என்ன இருக்குன்னு கேக்கறாரு. இவ்ளோ பாரத்துக்கு உத்தரம் தாங்காதாம்." சங்கரன் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். "கீழ ஏதோ எழுத்து மாதிரி தெரியுதே?"

பாரத்தைப் பற்றி அதிகாரி சொன்னது சரி. அந்த உத்தரத்தின் மேல் அவ்வளவு மண்ணோ மரமோ நிற்காது. அங்கே வெற்றிடந்தான் இருக்க முடியும். இல்லையென்றால் வரைந்தவனுக்கு வேலை தெரியாது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க. பலகையும் கூரையும் கிட்டக் கிட்டத்தான் இருக்கு. பத்திரிகைக்காக வீட்டை உசத்திக் காட்டினேன். அப்புறம் பாத்தா இடம் காலியாத் தெரிஞ்சுது, கோடு போட்டு அடைச்சேன். அந்த எழுத்து அளவு குறிச்சது. அதுவும் தப்பு, அடிச்சிட்டேன்."

"எல்லாப் படத்துலயும் இப்படித்தானான்னு கேக்கறாரு."

"எல்லாத்துலயும்."

அதிகாரி சமையலறைக்குப் போனார். பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சுப்பையனின் உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. பூங்காவனம் இன்னும் வீசிக்கொண்டிருந்தாள். மேலே எலிகூட அசையவில்லை.

அதிகாரி திரும்பி வந்து, தேவதாஸைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றார் தேவதாஸ்.

"எந்த ஊர்லயும் பத்திரிகைக்காரன் ஒரே ஜாதிதான்னு சொன்னாரு லா," என்று சங்கரனும் சிரித்துக்கொண்டே போனார்.

நடராஜன் பிழைத்துக்கொண்டான். அன்று தேவதாஸ் செய்ததைத் தைரியம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆபத்தை அந்தச் சுவரில் மாட்டவைத்ததே அவருடைய சுத்தமான வேலைதான். ஆனால் தாம் சேர்த்து வைத்திருந்த ஒரே பெருமையை அவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அது சின்ன விஷயம் அல்ல. சங்கரன் அந்தக் கதையை டவுன் முழுக்கச் சொன்னார். அலுவலகத்தில் தேவதாஸின் அளவுகளை இன்னொருவர் சரிபார்க்க ஆரம்பித்தார். தேவதாஸ் தாளை நீட்டிவிட்டு நிற்பார்.

சண்டை முடிந்து வந்த பொங்கலுக்கு, பானை பொங்கிய பிறகு, அவர் சுப்பையனிடம் கேட்டார்:

"மாமா, இப்ப இறக்கலாமில்ல? புதுசா, சரியா ஒண்ணு போட்டுத் தரேன். பரணோட."

"அம்மிகிட்ட யார நிறுத்துவ?"

அந்த வீட்டில் இப்போது வாழ்பவரைத்தான் தேவதாஸ் வரைவார், பாக்கியத்தை அல்ல.

"அப்ப இருக்கட்டும்," என்றார் சுப்பையன்.

கீழே பாக்கியம். மேலே சாய்கோடுகள், நடுவில் ஒன்று மட்டும் வளைந்து. சாப்பிடும்போதெல்லாம் தேவதாஸின் கண் அந்தக் கோட்டுக்கே போகும். எதிரே உட்கார்ந்திருக்கும் நடராஜன் அதைப் பார்த்துவிட்டு, "அபாங், என் கால்மாட்டுல கோணலாப் போட்டுட்டீங்க," என்பான்.