தவசியின் பனியன் கூடாரம்

தவசி அண்ணன் விருதுநகர் பக்கத்துக்காரர். பதினெட்டு வருடமாகத் திருப்பூரில் அயர்ன் மாஸ்டர். ஒரு பனியனை மேசையில் விரித்தால் நீங்கள் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் மடித்து வைத்துவிடுவார். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் லைன் வீடுகளில் கடைசி அறையில் தனியாக இருக்கிறார்.

வெளிநாட்டு ஆர்டர் நின்றதும் ஐப்பசியில் அவருடைய கம்பெனி அயர்ன் செக்சனை மூடியது. அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவர் மார்கழி வரை திரும்பவில்லை. சபையிலிருந்து ஜெபிக்க வந்தால் போர்வைக்குள்ளிருந்தே ஆமென் சொல்வார்.

எங்கள் ஓனரம்மா ரங்காத்தாளுக்கு ஒரு சட்டம் உண்டு. லைனில் எந்த ஆணும் பகலில் வீட்டில் படுத்திருக்கக் கூடாது. வாசலில் பெண்கள் குளித்து வருவார்கள், பனியன்களில் நூல் பிசிறு வெட்ட உட்காருவார்கள், அவர்களுக்குச் சங்கடம் என்பது அவர் நியாயம். தை கடைசிக்குள் காலி செய்யும்படி மரியாதையாகவே சொல்லிவிட்டார். தவசி அண்ணனுக்கு ஊரில் வீடும் இல்லை, ஆளும் இல்லை. எங்கே போவது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இந்த நிலையில் புத்தாண்டு வந்தது. அன்று சபையில் ஒரு தட்டில் வாக்குத்தத்தக் கார்டுகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிற வசனம்தான் அந்த வருடம் முழுவதற்கும் கடவுள் உங்களுக்குத் தரும் வாக்கு. மாற்றிக் கேட்கக் கூடாது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன தவசி அண்ணனுக்கு வந்த கார்டு, கூடாரத்தைப் பெரிதாக்கு, கயிறுகளை நீளமாக்கு, முளைகளை நன்றாக அடி என்று சொன்னது.

காலி செய்யச் சொன்ன ஆளுக்கு இப்படி ஒரு வசனம். பாஸ்டரே கொஞ்சம் யோசித்துவிட்டு, இது மனதைப் பற்றியது, அதை விசாலமாக்கச் சொல்கிறார் என்று விளக்கினார்.

தவசி அண்ணன் இரண்டு மாதத்தில் முதல் முறையாக முழு வாக்கியம் பேசினார். "மனசுக்கு எதுக்கு பாஸ்டர் கயிறும் முளையும்?"

மறுநாள் காலையில் அவர் காதர்பேட்டைத் துணிச் சந்தைக்குப் போய், சாயம் பிசகிய ரோஸ் நிறப் பனியன் துணி ஒரு ரோல் தூக்கி வந்தார். பக்கத்து அறைக் கிருத்திகா அக்கா தன் தையல் மெஷினில் அதை அகலமாக மூட்டிக் கொடுத்தார். பனியன் துணியில் யாராவது கூடாரம் போடுவார்களா, அது இழுபடும் சரக்காயிற்றே என்று அக்கா கேட்டதற்கு, கடவுள் துணி ரகம் எதுவும் குறிப்பிடவில்லை என்றார் அண்ணன்.

வாசலெல்லாம் சிமெண்டு. முளை அடிக்க வழியில்லை. அதனால் ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டிக் குழாய், ஓனரம்மாவின் மொபெட் ஆகியவற்றில் கயிற்றைக் கட்டினார்.

கூடாரம் தினமும் வளர்ந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. காலைப் பனியில் நனைந்து கனத்துத் தொங்கும், காய்ந்தால் முந்தைய நாளைவிட ஒரு சாண் பெரிதாக இருக்கும். பனியன் துணி அப்படித்தான் என்று திருப்பூரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நீளத்தில் இழுபடுவது துணியின் குணம், அகலத்திலும் இழுபடுவது கிருபை என்று அவர் கணக்கு வைத்திருந்தார். ஒருநாள் ஓனரம்மா கயிற்றைக் கவனிக்காமல் மொபெட்டில் பால் சொசைட்டிக்குக் கிளம்ப, கூடாரமும் கேட் வரை கூடவே போய், முடிச்சு அவிழ்ந்து திரும்பியது. அன்று மட்டும் நான்கு அடி விசாலமாயிற்று. அந்த ஞாயிறு சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னார். எல்லோரும் வழக்கம்போல் இரண்டு கைகளையும் மேலே தூக்கித் துதித்துவிட்டுக் கைதட்டினார்கள், பாஸ்டர் சற்றுத் தாமதமாக.

பெண்கள் வெயிலுக்கு அதனடியில் உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் விடியும் முன்பே எழுந்து கயிறு இறுக்குவார், குடத்தில் தண்ணீர் வைப்பார். படுக்க அவருக்கு நேரமில்லை. ஆனாலும் கெடு கெடுதான். தை கடைசி நாள் காலையில் ரங்காத்தாள் அரிவாளோடு வந்தார்.

"ஏனுங்க தவசி, காலி பண்ணச் சொன்னா கல்யாணப் பந்தல் போட்டு வெச்சிருக்கறீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே நுழைந்து முதல் கயிற்றை வெட்டினார். அது கூடாரத்தையே தாங்கிய நடுக்கயிறு. நனைந்த பனியன் துணி மொத்தமும் அவர் மேலும், அடியில் உட்கார்ந்திருந்த கிருத்திகா அக்கா மேலும், இன்னும் மூன்று பெண்கள் மேலும் இறங்கியது. வெளியே வர ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் துணிதான் நீண்டது, வெளியே வரும் வழி தெரியவில்லை.

அப்போது அயர்ன் செக்சனில் முப்பது பேரை வேலை வாங்கிய பழைய குரல் வெளியிலிருந்து கேட்டது. "யாரும் இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் நீளும். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு அப்படியே நில்லுங்க, நான் சுருட்டிட்டு வாரேன்."

ஐந்து ரோஸ் உருவங்கள் கைகளைத் தூக்கி நின்றன. உள்ளிருந்து கிருத்திகா அக்காவின் குரல் வந்தது. "ஓனரம்மா, நீங்களும் எங்க சபைக்கு வந்துட்டீங்களா?"

"அட, சும்மா இரு கண்ணு, மூச்சு முட்டுது" என்று ரங்காத்தாள் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, அந்த உருவம் மட்டும் குலுங்கியது.

தவசி அண்ணன் சுருக்கம் விழாமல் துணியைச் சுருட்டி ஒவ்வொருவராக விடுவித்தார். ரங்காத்தாளைக் கடைசியாகத்தான் எடுத்தார். வேண்டுமென்று செய்தாரா என்று நான் கேட்கவில்லை. ரங்காத்தாள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணனின் சட்டை முழுக்க நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"பனியன் துணி நிக்காதுங்க. பொங்கலூர்ல எங்க அண்ணன் ஊட்டுல தறி ஓடுது. இழுபடாத காடாத் துணி வாங்கிட்டு வந்து கட்டுங்க. என்ற வண்டில மட்டும் கட்டாதீங்க."

காலி செய்வது பற்றி ரங்காத்தாள் பேசவே இல்லை. கம்பெனி இன்றுவரை தவசி அண்ணனைத் திரும்பக் கூப்பிடவில்லை. அன்று ஒன்பது மணி பொங்கலூர் பஸ்ஸுக்கு அவர் எட்டு மணிக்கே தலை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்.