மாமாவின் கட்டுமர முடிச்சு

தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலிலேயே மினி லாரியை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு, சக்கரத்தின் மேலிருக்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அமுக்கி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் என் மருமகன். இடுப்பில் புது செல்போன். மூளைக்கு மட்டும் இன்னும் டவர் கிடைக்கவில்லை. கயிறு கிரீச்சென்று முனகியது.

அந்த முனகல் எனக்குப் பழக்கம். நான் பாவாடை கட்டிய வயதில், திருவொற்றியூர் குப்பத்தில் என் தாய்மாமன் ஏலத்தில் எடுத்த பழைய வண்டியை இப்படித்தான் பிரித்தார். மீன் கவிச்சியோடு கிரீஸ் வாடையும் சேர்ந்துகொண்டது. ஸ்பிரிங்கை நெம்பி அமுக்கி, கட்டுமரக் கயிற்றால் கட்டி, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரமும் காட்டினார். திருகி இறுக்கும் கிளாம்பு வாங்கத்தான் மனசு வரவில்லை.

"அதுக்கு நேரா மூஞ்சிய வெச்சிகினு குனியாதண்ணே," என்றாள் அம்மா.

"கடல்லயே அவுராத முடிச்சு இது. உனுக்கு இன்னா தெரியும், போய் மீன ஆஞ்சி வை."

முடிச்சு அவிழவில்லைதான், கயிறு அறுந்தது. அதற்குள் அம்மா அவர் குடுமியைப் பிடித்து இழுத்திருந்தாள். அவர் முகம் இருந்த இடத்தைத் தாண்டிய ஸ்பிரிங், ஓலைக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது.

மாமா எழுந்து மண்ணைத் தட்டினார். "பாத்தியா, முடிச்சு அப்டியே கீது."

சாகும்வரை அதையேதான் சொன்னார். இழுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நான் மருமகனிடம் சொன்னேன்: "மாப்ள, பட்டறைல கிளாம்பு வாங்கியாந்து மாட்டு. இல்லாங்காட்டி மொதல்ல ஒரு போட்டோ புட்ச்சி வெச்சிடு நைனா. மாலை போட மூஞ்சி வோணும்ல."

முறைத்தார். கயிற்றைத் தளர்த்திப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.